இளவரசனின் மூன்றாவது படம்

திரையில் இளவரசன் வாயைத் திறந்தான்.

மைக் முன்னால் இவனும் திறந்தான்.

"நானே இந்த மலையின் வாரிசு."

'மலையின்' வரை குரல் நூல் போலப் போனது. 'வாரிசு'வில் அறுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் மாத்ருபூதம் சார் கையை உயர்த்தினார். படம் நின்றது. அரைகுறையாகத் திறந்த வாயோடு இளவரசனும் நின்றான்.

நான்காவது முறை.

ஒன்பது வயதில் முதல் படம். பதினொன்றில் இரண்டாவது. ஏதோ பனி நாட்டில் எடுத்த படங்கள். தமிழில் அந்த இளவரசன் சிரித்தது, அழுதது எல்லாம் இவன் குரல்தான். வகுப்பில் யாரும் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இளவரசே, நோட்டு குடு. இளவரசே, தள்ளி உட்காரு.

இப்போது பதினான்கு.

இரண்டு மாதமாக வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டான். அம்மா எது கேட்டாலும் தலையாட்டல். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பழைய குரலைத் தேடுவான்.

சில நாள் வரும்.

வெளியே நாற்காலியில் பைரவி அக்கா இருக்கிறார். வயது நாற்பது. எந்தப் படத்திலும் எந்தச் சிறுவனுக்கும் அவர் பேசிவிடுவார். இன்று எதற்கு வந்திருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

இவனும் கேட்கவில்லை.

"தொண்டை கட்டியிருக்கு சார்."

அந்த ஒரு வாக்கியமே இரண்டு குரல்களில் வந்தது.

 ஹெட்போனில் சார் குரல்.

"எனக்கும் கட்டிச்சுடா. பதினாலு வயசுல. இன்னும் சரியாகல."

அவர் பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர் தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது.

"கடைசியா ஒரு டேக். இல்லேன்னா பைரவி பேசட்டும். தப்பா எடுத்துக்காத."

தலையாட்டினான்.

படம் பின்னால் ஓடியது. சிரித்த சிரிப்பில் இன்ஜினியர், இளவரசனாக நடித்த பையனின் மூலக் குரலை மூட மறந்துவிட்டார்.

மற்றவர்கள் அதை ஒரு காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இவன் முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்றவன். உதடு போதும். அந்த முகத்துக்கு இன்னொரு குரல் இருப்பது பிடிக்காது.

பனி. மூடிய கல்வாசல். வாரிசு வாய்விட்டுச் சொன்னால்தான் அது திறக்கும்.

இளவரசன் வாயைத் திறந்தான்.

இவன் திறக்கவில்லை.

புரியாத மொழி. கரகரப்பாகத் தொடங்கி, நடுவில் கீழே விழுந்து, ஒரு கணம் வெறும் காற்றாகி, திரும்ப எழுந்து முடித்தது.

இளவரசனின் கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது.

கல்வாசல் திறந்தது.

"ஏன்டா பேசல?"

இவன் கை தன் கழுத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டான்.

"போடுங்க சார்."

பேசினான். 'வாரிசு' உடைந்தது. இழுத்துப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டான். அது விழுந்த இடத்திலிருந்தே சொல்லை முடித்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் கை உயரவில்லை.



"ஓகே." சார் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "பைரவியக் கிளம்பச் சொல்லுப்பா. இது அவளுக்கு வராது."

மூச்சு வந்தது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தானோ, அவ்வளவு வந்தது.

"அடுத்த சீன் போலாமா?"

"சார், இதையே இன்னொரு தடவை."

"எதுக்குடா? ஓகே ஆயிடுச்சே."

"எனக்கில்ல சார். அவன் பேசுறதக் கேக்கணும்."

விளக்கு அணைந்தது. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.