சுவருக்குச் சுவர் கார்ப்பெட்

மாடி வீட்டில் கார்ப்பெட் போட்டதிலிருந்து எழிலரசிக்கு மனசு ஆறவில்லை.

"இப்பதான் குடி வந்தாங்க. வாடகை வூட்டுக்குப் போயி சுவத்துக்குச் சுவரு கார்ப்பெட்டு. இன்னா திமிரு பாரு."

அவள் புருஷன் டில்லிபாபு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவனுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட்தான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான்.

"அவங்க போட்டுக்கிறாங்க. உனக்கு இன்னா?"

"நம்ம ஹால்லயும் போடலாமில்ல?"

"டைல்ஸே ஜில்லுனு கீது. அது மேல எதுக்கு?" என்றபடி படுக்கப் போய்விட்டான்.

எழிலரசி ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சாம்பல் நிறம். கால் வைத்தால் புதைந்தது. ஒரு மூலைகூட விடவில்லை. மாடி வீட்டுக் கவியாவின் நாலு வயசுப் பெண் கனிஷ்கா, கட்டிலிலிருந்து அதில் குதித்துக் குதித்து விளையாடினாள்.

கீழே வந்தால், தன் வீட்டுத் தரை மொட்டையடித்த மாதிரி தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரி வேறு, "மாடி வூடு ஸ்டார் ஓட்டல் மாதிரி கீதாமே" என்றாள். அன்றைக்கே எழிலரசி வீட்டு ஓனரம்மா கோமதியம்மாளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேம்மா. பசை போட்டு ஒட்டிகீறாங்க. டைல்ஸு பாழாயிடும். மழை வந்தா ஓதம் ஏறி நாறும்."

பசையை அவள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெட் சுருளாகக் கீழே இறங்கியது. கவியாவின் புருஷன் ஜோயல் தோளில் சுமந்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்க வந்தான். எழிலரசி வாசலிலேயே நின்றாள்.

"இன்னா கவியா, எடுத்துட்டீங்களா? அழகா இருந்துச்சே."

"ஓனரம்மா எடுக்கச் சொல்லிட்டாவ, யக்கா."

அன்றைக்கு எழிலரசி ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, டில்லிபாபு கண்ணை மூடியதும் தலைக்கு மேல் தொம் தொம்மென்று சத்தம். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு புரண்டான். தினமும் இதே கதை. சாயங்காலம் கண் சிவக்க வேலைக்குப் போனான்.

வார முடிவில் விரலில் கட்டோடு வந்து நின்றான்.

"லைன்ல நின்னுகினே தூங்கிட்டேன். சூப்பர்வைசர் பாத்து மெஷினை நிறுத்துனாரு. இல்லாங்காட்டி விரலு போயிருக்கும்."

அவனைப் படுக்க வைத்துவிட்டு, மாடிக்குப் போய் நாலு கேள்வி கேட்கக் கதவைத் திறந்தாள் எழிலரசி. கவியாவே வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் தண்ணீர் பாட்டில்.

"அண்ணாச்சி படுத்துட்டாவளா?" கவியாவின் குரல் தணிந்திருந்தது. "யக்கா, ஓனரம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுதீயளா? கார்ப்பெட்டத் திரும்பப் போட்டுக்கிடுதோம். பசையே கிடையாது, ஓரத்துல டேப்புதான் ஒட்டுனோம்."

எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம் புருஷன் விரல்ல கட்டோட படுத்துகினு கீறாரு. உனக்கு வூட்டு அலங்காரம் கேக்குதா?"

"அலங்காரத்துக்குப் போடலக்கா. இந்த வெயிலுக்கு அதுல உக்கார முடியுமா, புழுங்கி எடுக்கும். எங்க வீட்டுக்காரர் கம்பெனியில கழிச்சுப் போட்டத கேட்டு வாங்கியாந்தது."

"பின்ன எதுக்குப் போட்டீங்க?"

கவியா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நாங்க குடிவந்த அன்னைக்கு, சாமான் ஏத்துத சத்தத்துல அண்ணாச்சிக்குத் தூங்க முடியல. வெளிய வந்து படியில உக்காந்தமேனிக்கே கண்ணசந்துட்டாவ. எங்கள ஒரு வார்த்தை சொல்லல. அதப் பாத்த பொறவு எங்களுக்கு மனசு கேக்கலக்கா."

எழிலரசி கதவை மெல்ல ஒருக்களித்தாள்.

கவியா குழந்தையின் தலையில் துண்டைப் போட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெயிலில் இறங்கினாள்.

"அண்ணாச்சி எந்திரிச்சதும் ஒரு போன் போடுங்க யக்கா. அதுவரைக்கும் இவள வல்லக்கோட்டை கோயில்ல வச்சுக்கிடுதேன்."