காலிக் கட்டங்கள்

நாலு மணிக்குள் எல்லாப் பாட்டையும் தலைமையாசிரியைக்கு அனுப்பியாக வேண்டும். டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டீச்சர், இவன் என் பியானோவை டிரம்மா மாத்திட்டான்!"

"இரு, வர்றேன்."

"டீச்சர், என்னோடது அழிஞ்சே போச்சு!"

"இருன்னா இரு. வர்றேன்."

கம்ப்யூட்டர் திரையில் வண்ணக் கட்டங்களை அடுக்கினால் அதுவே பாட்டாக ஒலிக்கும். மூன்றாம் வகுப்புக்கு இன்றைய தலைப்பு, 'எங்க வீடு'.

கடைசி பெஞ்சுச் சிறுமியின் திரையில் பாதிக்கு மேல் வெறும் கட்டங்கள். டீச்சர் ஓடவிட்டுக் கேட்டார். புல்லாங்குழல் ஒருமுறை கூவியது. நீண்ட மௌனம். டிரம்மில் இரண்டு தட்டு. மறுபடி புல்லாங்குழல், மறுபடி மௌனம்.

"பல்லு போன வாய் மாதிரி ஏன் இத்தனை ஓட்டை? நிரப்பு."

"நிரப்பினா எங்க வீடு மாதிரி இருக்காது டீச்சர்."

"அப்படி என்ன வீடு அது?"

சிறுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். "பெல் அடிக்கட்டும், சொல்றேன்."

"அதுவரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல." டீச்சரே மளமளவென்று கட்டங்களை நிரப்பி அனுப்பிவிட்டார்.

பெல் அடித்தது. வகுப்பு காலியானது. சிறுமி மட்டும் டீச்சரின் கைப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"புல்லாங்குழல், நான் கூப்பிடுறது. காலியா இருந்ததெல்லாம், நான் காத்துட்டு இருந்தது."

"டிரம்?" என்றார் டீச்சர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வீட்லயும் நீ சொல்ற 'இரு, வர்றேன்'தான். கிளாஸ்ல உன்னை அம்மான்னு கூப்பிடக்கூடாதுல்ல, அதான் அப்ப சொல்லல."