மூஸா மாமாவின் சஹன்

மூஸா மாமா சஹனில் கை வைத்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

பெரிய வட்டத் தட்டு, அது நிறைய நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி. சுற்றி மூன்று பேர்: என் மாமனார் மூஸா மாமா, இரண்டு வருஷம் கழித்து துபாயிலிருந்து நேற்று வந்திறங்கிய என் புருஷன் சித்தீக், நாத்தனார் மர்யமின் புருஷன் அப்சர். விருந்தென்றால் எங்கள் பக்கத்தில் ஒரே தட்டில்தான் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்ததும் பஞ்சாயத்து என்று பேச்சு. மாமாவின் மறதிக்கான மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா?

மாத்திரை மூன்று வருஷமாக துபாயிலிருந்து வருகிறது. ஊருக்கு வருகிற யார் கையிலாவது சித்தீக் கொடுத்தனுப்புவார். தஞ்சாவூரிலேயே கிடைக்கிறது என்றால் அவருக்குக் கோபம் வரும். வெளிநாட்டு மாத்திரைக்குத்தான் வீரியமாம். அங்கிருந்துகொண்டு அத்தாவுக்கு அவர் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நானும் வாயை மூடிக்கொள்வேன்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன மாத்திரை மறதியை விட்டுவிட்டுப் பசியைப் பிடித்துக்கொண்டது. சோற்றை வாயருகே கொண்டுபோனாலே குமட்டல். மன்னார்குடி மண்டியில் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்த மனுஷனுக்கு இடுப்பில் கைலி நிற்கவில்லை.

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் பசி திரும்பலாம். மிச்சமிருக்கிற ஞாபகமும் போய்விடலாம். போனது திரும்பாமலும் இருக்கலாம். முடிவு வீட்டுக்காரர்கள் கையில்.

"நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதே ஷமீரா. அத்தாவுக்கு என்னையத் தெரியணும்" என்று போனில் சித்தீக் அழுதார்.

மர்யம் அழவில்லை. சோறு ஊட்டத் துப்பில்லாதவள் மருந்தின்மேல் பழி போடுகிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று பெட்டியோடு வாசலில் நின்ற மகனைப் பார்த்து மாமா, "வாங்க, யாரு நீங்க?" என்று கேட்டார். சித்தீக்கின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இப்போது மாமா ஒரு கவளம் எடுத்தார். வாயில் வைத்தார். மென்றார்.

குமட்டவில்லை.

அடுத்த கவளம். அதற்கடுத்தது. அப்சர் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு கறித்துண்டை எடுத்தார். எலும்பை விலக்கிப் பதமாகப் பிய்த்தார். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சித்தீக் பக்கமாகத் தள்ளினார். சஹனில் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மாமா அதைச் செய்து ஒரு வருஷம் இருக்கும்.

"சாப்பிடு. ரொம்ப எளச்சுப் போயிட்டே."

எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறார். சித்தீக் சோற்றுக் கையோடு தேம்பினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

என்னோடு பரிமாறிக்கொண்டிருந்த மர்யம் என் பக்கம் திரும்பினாள். "மருந்து எப்படிக் கேக்குது பாத்தியா? இதப் போயி நிறுத்தணும்னியே!"

பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது. இன்னும் ஆறு மாதத்துக்கு வாங்கி அனுப்புவதாக சித்தீக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

காலையிலிருந்து இருந்த பயம் எங்கே போனதோ தெரியவில்லை. மாமாவின் பக்கம் இன்னொரு அகப்பை சோற்றை வைத்தேன். நிமிர்ந்து மர்யமைப் பார்த்தேன்.

"நிறுத்தி நாப்பது நாளாச்சு."

மாமா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.