பீரோவுக்குள் களவா

பிரகாசி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பீரோவை, அவளைக் கேட்காமலேயே கடலில் இறக்கிவிட்டான் அவள் புருஷன் யாகப்பன்.

“பவளப்பாறையில எல்லாம் சின்னப் பொந்துட்டி. பெரிய களவா மீனு ஒடம்பு நொழையுற பொந்துலதான் தங்கும்” என்று அன்று காரணம் சொன்னான்.

தங்கத்தான் செய்தது. இன்று தூண்டிலைக் கவ்விய களவா பீரோவுக்குள் பாய, கதவு சாத்திக்கொண்டது. முங்கி முங்கி இழுத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நின்றான் யாகப்பன்.

“என்ன எழவு பீரோட்டி இது! தொறக்கவே மாட்டேங்கு.”

பிரகாசி அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள்.

“கீழ் மூலையில ஒரு மிதி மிதிச்சு, கைப்பிடியத் தூக்கி இழுக்கணும். கல்யாணமான நாளுல இருந்து வீட்டுக்குள்ளதான கெடந்துச்சு? ஒரு நாளாவது தொறந்து பாத்திருக்கீரா?”