ஒரு நொடியில் கழலும்

"பைப்பைத் திறந்து வெச்சிருக்கும்போதே ஹோஸ்லேர்ந்து ஸ்பிரேயைக் கழட்டணும். ஒரு சொட்டு சிந்தக்கூடாது. அப்படிக் கனெக்டர் இருக்கா?"

தோட்டக்கடை ஹில்ட்ரூட், வந்த பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கே சார். உள்ளே தடுப்பு வெச்சது. ஸ்பிரேயைப் பிடுங்கினதும் தண்ணி தானா நின்னுடும். உங்க ஹோஸ் அரை அங்குலமா, முக்காலா?"

"அரை. கழட்ட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நொடி. நீங்க எர்லன்குரூண்ட் தோட்டச் சங்கம்தானே?"

பெரியவர் திடுக்கிட்டார். "எப்படித் தெரியும்?"

"தண்ணிப் பஞ்சம்னு அங்கே ஹோஸுக்குத் தடை போட்டதிலேர்ந்து பதினெட்டுப் பேர் இதையே வாங்கிட்டாங்க! தலைவர் தலை தெரிஞ்சா ஸ்பிரே பாக்கெட்டுக்குள்ள, பூவாளி கையில. மாட்டினா சங்கம் வாடகைக்குக் குடுத்த தோட்டத்தையே பிடுங்கிடுவாராமே, அந்தச் சிடுமூஞ்சி?"

"பிடுங்கித்தான் ஆகணும். விதின்னா விதி." பெரியவர் பெருமூச்சு விட்டார். "ஆனா பூவாளியில ஊத்தி ஊத்தி என் முதுகு போச்சு. டேலியாப் பூச்செடியும் வாடிப்போச்சு."

"பயப்படாம வாங்கிட்டுப் போங்க. அந்த ஆள் எப்ப ரவுண்டு வர்றார்னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க."

"அது நல்லாத் தெரியும். மத்த பதினெட்டுப் பேரும் தோட்டத்துக்கு எப்ப வருவாங்கன்னுதான் தெரியலை."

"அவங்க வந்தா உங்களுக்கென்ன சார்?"

பெரியவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சிடுமூஞ்சி நான்தாம்மா."