முதல் இலை

பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் நின்றதும் முதலில் ஒரு பிரம்புக் கூடை இறங்கியது. அதற்குப் பின்னால்தான் முத்தம்மாள் அத்தை இறங்கினாள்.

கூடைக்குள் ஏழு தூக்குகள். மேலே வெள்ளைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஏழாம் மாசத்தில் தாய்வீட்டிலிருந்து பெண்ணுக்கு ஏழு வகைச் சோறு ஆக்கி எடுத்துவருவது அவர்கள் பக்கமும் எங்கள் பக்கமும் வழக்கம்.

கூடையைப் பார்த்ததும் எனக்கு இப்படித்தான் பட்டது: நாங்கள் கொடுத்த தந்தி போய்ச் சேரவில்லை.

என் அண்ணி மணியம்மாள், இவள் பெற்ற ஒரே பெண், முந்தின நாள் மத்தியானம் செத்துப்போயிருந்தாள். கால் இரண்டும் வீங்கி, ஜன்னி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக நான் வண்டி பூட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. மணியம்மாளுக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்று மட்டும்தான் அண்ணன் தந்தியில் போட்டிருந்தான்.

ஸ்டேஷனுக்கு அனுப்பும்போதும் அவன் சொன்னது ஒன்றுதான்.

"வழியில வாயத் தொறக்காதடா அரசப்பா. பெத்த வயிறு, வண்டியிலயே வுழுந்துடும். ஊட்டாண்ட வந்து தெரிஞ்சிக்கட்டும்."

அண்ணனுக்கென்ன, சொல்லிவிட்டான். ஆறு மைல் அவளை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வர வேண்டியவன் நான்.

"மாமா வரலியா அத்தே?" என்று கேட்டேன். ஜனங்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் வருகிறார் என்றாள்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. அண்ணியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆனால் கூடை சும்மா இருக்கவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க முதலில் புளிச்சோற்றின் வாசனை வந்தது. பிறகு வறுத்த எள். பிறகு நெய்யும் வெல்லமும்.

நான் சோற்றுக்கு அலைகிறவன், அது ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டில் என்னைக் கடைசிப் பந்திக்குத்தான் கூப்பிடுவார்கள், முன்னாலேயே உட்காரவிட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சாது என்று. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து என் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வீட்டில் அண்ணி பிணமாகக் கிடக்கிறாள், எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆரணியாற்றுப் பாலம் தாண்டியதும், "வண்டிய நிறுத்து நைனா" என்றாள்.

ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினேன். இப்போது கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். தையல் இலை ஒன்றை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். ஏழு தூக்கிலிருந்தும் ஒவ்வொரு கை எடுத்து வைத்தாள்.

"மூஞ்சி வாடிக் கெடக்குது. சாப்புடு."

இது முறையில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் இலை போடாமல் அந்தக் கூடையை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். தெரியாமல் ஒரு குழந்தை கைவைத்தால்கூட முதுகில் நாலு விழும்.

"அண்ணிக்கு வெக்காம எனக்கு எப்பிடி அத்தே?" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் அழுகிப்போயிருக்க வேண்டும்.

"பரவால்ல, சாப்புடு" என்றாள்.

சாப்பிட்டேன்.

அது அறுபத்தாறாம் வருஷம். அத்தை ஊரான ஆர்.கே.பேட்டைப் பக்கம் மழையே இல்லாமல் அவர்கள் கேழ்வரகுக் களியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கே போய் இவ்வளவு அரிசி புரட்டினாளோ. உப்பு, புளி, காரம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. எள்ளுச்சோறு என்றால் அண்ணிக்கு உயிர். ஆனால் எங்கம்மா செய்யும் எள்ளுச்சோற்றை நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நன்றாயிருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. அது ஏன் என்று எனக்கு அங்கே உட்கார்ந்து தின்னும்போதுதான் தெரிந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு சோறு தின்றதில்லை. இன்னொரு கை கேட்டு வாங்கித் தின்றேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி வண்டியைக் கிளப்பினேன். ஏரிக்கரை திரும்பினால் எங்கள் ஊர். திரும்பியதும் மேளம் கேட்டுவிடும். சாவு மேளத்தைக் கேட்டு அவள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மாடுகளை இழுத்து நிறுத்தினேன். அவள் பக்கம் திரும்பாமல் "அத்தே" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் கை பின்னாலிருந்து என் முதுகில் பட்டது.

"ஓட்டு நைனா. எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?"

திரும்பிப் பார்த்தேன். தூக்குகளின் மூடியை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"தந்தி நேத்து வெளக்கு வெக்கறப்பவே வந்துடுச்சி. மோசம்னு தந்தி வந்தா இன்னான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம்தான் ஆக்கனேன். ஏழும் வோணும்னு போன வாரம் ஆசையா கடுதாசி போட்டிருந்தா. அங்க வந்துட்டா ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. யாராச்சும் ஒருத்தர் வயிறாரத் தின்னுறதப் பாத்துட்டு வந்துடலாம்னு இருந்துச்சி."

"மூணு மணிக்கு அத்தே" என்று சொல்லிவிட்டு மாடுகளைத் தட்டினேன்.