சத்தம் வெளியே வராத ஹெட்போன்

"கீபோர்டுல மாட்டுற ஹெட்போன் வேணும். சத்தம் ஒரு பொட்டுகூட வெளிய வரக் கூடாது" என்றாள் ஜெகதாம்பாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டான் ஜேம்ஸ்.

"மருமவளுக்கு. கச்சேரில வாசிக்கிறா. ஊட்ல பழகணும்."

அம்பத்தூரில் கேசட் கடை வைத்த நாளாய் ஜேம்ஸ் இப்படியொரு மாமியாரைப் பார்த்ததில்லை. அவன் மனைவி ஆர்மோனியத்தைத் தொட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் அவன் அம்மா.

இருப்பதில் மலிவானதை எடுத்துக் கொடுத்தான். ஜெகதாம்பாள் காதில் வைத்துப் பார்த்தாள்.

"ரோட்ல பஸ் போறது கேக்குதே. வெளிச் சத்தமும் உள்ள போவக் கூடாதுப்பா."

காதை முழுக்க மூடுகிற மெத்தை வைத்தது விலை கூட. மனசு இளகி அதை அடக்க விலைக்கே கொடுத்தான்.

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. தலைக்குச் சரியா இருக்கான்னு பாத்திருக்கலாம்."

"அவ வெளிய வரக் கூடாது. எம் புள்ள செத்து இன்னும் பதினாறு ஆவல."

"அப்புறம் எப்படிம்மா கச்சேரி?" என்றான் பில் எழுதிக்கொண்டிருந்த ஜேம்ஸ்.

"ஞாயித்துக்கெழம முகப்பேர்ல கல்யாணக் கச்சேரி. அட்வான்ஸ் வாங்கியாச்சு. பின்பக்கமா இட்டுகினு போயிடுவேன். அதுவரிக்கும் சாவு ஊட்ல சினிமாப் பாட்டு கேட்டா தெருவே காறித் துப்பும்."

"சரிம்மா. வெளிச் சத்தம் உள்ள போனா என்ன?"

ஜெகதாம்பாள் பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"சொந்தக்காரங்க கூடத்துல குந்திகினு ஒப்பாரி வெக்கிறாங்க. அது காதுல வுழுந்தா இவளுக்குத் தாளம் தப்புது."